பேயரசருக்கு எண் இடலாமா?

இஸ்ரவேலின் அரசனாகிய அகசியா மேல்மாடியிலிருந்து விழுந்து நோயுற்றபோது, தான் பிழைப்பானோ என்று கேட்டு வரும்படி எக்ரோனின் தெய்வமாகிய பாகால்சேபூபிடம் தூதரை அனுப்பினான் (2 இராஜாக்கள் 1). அப்பெயரே சற்று உருமாறி, நம் ஆண்டவரின் காலத்தில் பிசாசுகளின் தலைவனுக்குரிய பெயராய் வழங்கிற்று என்று பலர் கொள்வர். அத்தலைவனைக் கொண்டே இயேசு பிசாசுகளைத் துரத்துகிறார் என்று எருசலேமிலிருந்து வந்த வேதபாரகர் பழித்தனர் (மாற்கு 3:22). பதினேழாம் நூற்றாண்டில் மில்ட்டன் தம் காவியத்தில் அவனைச் சாத்தானுக்கு அடுத்த இடத்தில் அமர்த்தினார். 1977-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தைச் சேர்ந்த லேக் ஜெனீவா என்னும் ஊரிலிருந்து 'மான்ஸ்டர் மானுவல்' என்றொரு நூல் வெளிவந்தது. அதில் அப்பெயர் மீண்டும் தோன்றுகிறது. அங்கே பெயருக்குக் கீழ் ஓர் எண்ணும் குறிக்கப்பட்டுள்ளது: 166.

அவ்வெண் எதைக் குறிக்கிறது என்று முதலில் சொல்லவேண்டும். மேற்கண்ட நூல் ஒரு விளையாட்டுக்குரிய கைந்நூல். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் ஆக்கி 1974-இல் வெளிவந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பதே அவ்விளையாட்டு. அதனை ஒட்டிப் பின்னர்ப் பிறந்தவை பல. ஒரு மேசையைச் சூழ நாலைந்து பேர் அமர்வர். ஒருவர் நடுவர், கதை நிகழும் உலகையும் அதில் எதிர்ப்படும் மாந்தரையும் கொடுவிலங்குகளையும் அவரே சொல்லால் படைத்துக் காட்டுவார். ஏனையோர் போர்வீரன், மந்திரவாதி, குரு என ஆளுக்கொரு வேடம் ஏற்று, தாம் செய்ய விரும்புவதைச் சொல்லுவர். அது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்க்கும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உயிர்ப்புள்ளிகள் உண்டு, அடிபடுந்தோறும் அவை குறையும், தீர்ந்தால் வீழ்ச்சி. அனுபவம் பெருகப் பெருகப் பாத்திரம் படிப்படியாக உயரும். மேடையும் திரையும் இல்லாத கூத்து என்று இதனைச் சொன்னால் பெரும்பாலும் பொருந்தும். பெயெல்செபூலுக்கு இடப்பட்ட 166 என்பது அவனுடைய உயிர்ப்புள்ளிகளின் தொகை. அத்தனையும் தீரும்வரை வெட்டினால் அவன் வீழ்வான்.

திருச்சபையார் இவ்விளையாட்டைப் பற்றிப் பேசியது புதிதன்று. 1983-இல் பட்ரீசியா புல்லிங் என்னும் அமெரிக்கத் தாய், தம் மகன் தற்கொலை செய்துகொண்டதை அடுத்து, இதனை எதிர்ப்பதற்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார். 1984-இல் ஜாக் சிக் என்பார் இதனை மாந்திரீகத்தின் வாசலாகக் காட்டும் சித்திரத் துண்டுப் பிரசுரம் ஒன்றை வெளியிட்டார். மகனை இழந்த தாயின் துயரை நாம் எளிதாக எண்ணோம். ஆயினும் அக்காலத்துக் கண்டனங்கள் பேயரசரின் பெயர்களைக் கண்டு அஞ்சினவே அன்றி, அப்பெயர்களுக்கு இடப்பட்ட எண்களைக் கவனித்ததாகத் தெரியவில்லை. வெளியீட்டாரும் பெயரளவிலேயே விடை கண்டனர். 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் 'டீமன்', 'டெவில்' என்னும் சொற்களைக் கைவிட்டு, பின்னர் 'டனாரி', 'பாட்டெசு' என்ற புனைசொற்களை அவற்றின் இடத்தில் வைத்தனர். பெயர் போயிற்று, எண் நிலைத்தது. நமக்கோ எண்ணே பெரிய கேள்வியாகத் தோன்றுகிறது.

ஆட்டக்காரர்களுக்கும் அது கேள்வியாகவே இருந்து வருகிறது. பேயரசர் எவ்வளவு வலியவராய் இருத்தல் வேண்டும் என்பது அவர்களிடையே அரை நூற்றாண்டாக ஓயாத வழக்கு. அவ்வழக்கின் வரலாறு பயில்வதற்குரியது.

1976-இல் வந்த 'எல்ட்ரிச் விசார்ட்ரி' என்னும் துணைநூலில்தான் ஓர்குஸ், டெமகார்கன் ஆகிய பேயரசர் முதன்முதல் இவ்விளையாட்டுக்குள் புகுந்தனர். அடுத்த ஆண்டின் கைந்நூலில் ஓர்குஸுக்கு 120 உயிர்ப்புள்ளி, டெமகார்கனுக்கு 200, நரகங்களின் வேந்தனாகிய அஸ்மோதேயுவுக்கு 199. இந்த அஸ்மோதேயு தள்ளுபடியாகமமாகிய தோபித்து நூலில் வருபவன். ஏழு மணமகன்மாரைக் கொன்ற அவன், அங்கே மீனின் இருதயமும் ஈரலும் புகைந்த புகைக்கு ஆற்றாது எகிப்துக்கு ஓடுகிறான். மணமக்கள் எழுந்து ஜெபிக்கின்றனர். 199 என்னும் எண்ணை அந்த மீனிடம் காட்டினால் அது என்ன சொல்லும் என்று எண்ணி நாம் நகைத்ததுண்டு. டெமகார்கனின் கதை இன்னும் விந்தையானது. பழைய உரைக்குறிப்பு ஒன்றில், உலகைப் படைத்த தேவனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை ஏடெழுதுவோர் பிழைபட எழுதியதால் பிறந்த பெயரே அது என்பது அறிஞர் பலரின் கருத்து. பொக்காச்சியோ அப்பிழையைத் தெய்வங்கள் அனைத்துக்கும் மூதாதையாக்கினார். மில்ட்டன் அதனை ஓர்குஸுக்குப் பக்கத்தில் வைத்துப் பாடினார். 1977-இல் அது 200 உயிர்ப்புள்ளிகளுடன் பேய்களின் இளவரசன் ஆயிற்று. தீமைக்குத் தன்னளவில் உண்மை இருப்பு இல்லை, அது நன்மையின் குறைவே என்று அகுஸ்தீன் கற்பித்ததை நாம் அறிவோம். கைப்பிழையில் பிறந்த ஒருவன் அரசர் எல்லாரினும் பேரெண் பெற்றதை அவர் கண்டிருந்தால் வியந்திருக்க மாட்டார்.

1980-இல் வந்த கதைநூல் ஒன்றில் சிலந்திகளின் அரசியாகிய லால்த் என்னும் பேயரசியை அவளுடைய சொந்த உலகுக்கே சென்று எதிர்க்கும் வாய்ப்பு வீரருக்குக் கிட்டிற்று. அவளுக்கு உயிர்ப்புள்ளி 66. அக்கதைக்கு உரியவர் பத்து முதல் பதினான்கு படி ஏறிய பாத்திரங்கள். அவர்களுள் உடல்வலிமை மிக்க போர்வீரன் ஒருவனுக்கே அவ்வளவு இருக்கக்கூடும். அவளைக் காப்பவை பிற ஆற்றல்கள் என்று சிலர் வாதிப்பர்; அது உண்மையே. எனினும் அந்த எண் ஆட்டக்காரரை இன்றுவரை உறுத்துகிறது.

அவ்வுறுத்தலை நாமும் ஒருமுறை நேரிற் கண்டோம். நமக்கு அறிமுகமான இளைஞர் சிலர் பல மாதங்களாக ஆடிவந்த ஒரு கதையின் இறுதி மாலையில் பார்வையாளராக அமர்ந்திருந்தோம். பேயரசன் தோன்றினான், நடுவர் அவனது தோற்றத்தையும் நாற்றத்தையும் நன்றாகவே விவரித்தார். மூன்றாம் சுற்றில் அவன் வீழ்ந்தான். கொண்டுவந்து வைத்த தேநீர் ஆறவில்லை. சிறிது நேரம் ஒருவரும் ஒன்றும் பேசவில்லை. பின்னர் குருவின் வேடம் ஏற்றிருந்த இளைஞர் நம் பக்கம் திரும்பி, "இவ்வளவுதானா, ஐயா?" என்றார். அவ்வினாவை அவர் நம்மிடம் கேட்டிருக்க வேண்டியதில்லை. ஆயினும் கேட்டுவிட்டமையால் அதனை நம்மால் மறக்க இயலவில்லை.

'இவ்வளவுதானா' என்ற ஏமாற்றத்துக்கு வெளியீட்டார் கண்ட மருந்து எண்ணைப் பெருக்குவது. 1988-இல் ஓர்குஸின் கோலைக் கைப்பற்றி அழிக்கும் கதை ஒன்று வந்தது. அதனை ஆடுதற்குரிய பாத்திரங்கள் பதினெட்டு முதல் நூறு படிவரை ஏறியோர் என்று அட்டையிலேயே அறிவிக்கப்பட்டது. நூறாம் படி! மூன்றாம் பதிப்பின் காலத்தில் அடிப்படை விதிநூல் இருபது படிகளோடு நின்றது. அப்போது 2002-இலும் 2006-இலும் வந்த இரு நூல்கள் பேயரசரை இருபதின் அருகிலேயே, சற்று மேலாக நிறுத்தின. இது மிகத் தாழ்வு என்று பலர் முறையிட்டனர். 2007-இல், அச்சில் வந்த 'டஞ்சன்' இதழின் கடைசி வெளியீடாகிய 150-ஆம் இதழில், டெமகார்கன் முன்னினும் மிக வலியவனாய் மீண்டான். 2008-இல் வந்த நான்காம் பதிப்பில் வீரரின் உச்சநிலை முப்பதாம் படி. ஓர்குஸோ முப்பத்து மூன்றாம் படியில் 1,525 உயிர்ப்புள்ளிகளோடு நூலின் அட்டையிலேயே வீற்றிருந்தான். ஐந்தாம் பதிப்புக்கென 2015-இல் வந்த 'அவுட் ஆஃப் தி அபிஸ்' என்னும் நூலில் அவனுக்கு 405, டெமகார்கனுக்கு 406. ஒவ்வொரு பதிப்பின் அளவுகோலும் வேறாதலால் இவ்வெண்களை ஒன்றோடொன்று அப்படியே ஒப்பிடலாகாது. இதனை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். ஆயினும் ஒன்று தெளிவு. எண்ணை எவ்வளவு உயர்த்தினும், அந்த மாலையில் கேட்ட கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. 1,525 புள்ளிகளும் தீர்ந்தபின், நீண்ட நேரம் கழித்து, அதே 'இவ்வளவுதானா' வரும்.

எதிர்த்தரப்பார் கூறுவது வேறு. பேயரசரைக் கொல்லவே இயலாதவாறு செய்துவிட வேண்டும் என்பர். அவர்களுக்கு எண்ணே வேண்டாம், ஏனெனில் அவர்கள் இடியையும் கடலையும் போன்றவர்கள். இதற்கு முன்மாதிரி வேறொரு விளையாட்டில் உண்டு. 1981-இல் சாண்டி பீட்டர்சன் ஆக்கிய 'கால் ஆஃப் கதுலு'வில், அப்பெயருக்குரிய பூதம் எதிர்ப்பட்டால் சுற்றுக்கு ஒருவர் முதல் மூவர்வரை அள்ளிக்கொண்டு போகும். எத்தனை பேர் என்பதை மட்டுமே பகடை சொல்லும். லவ்கிராஃப்ட் என்னும் எழுத்தாளரின் கதைகளிலிருந்து எடுத்த உலகம் அது. அங்கே வானம் வெறுமை, மனிதன் தூசி. அவ்வுலகக் காட்சிக்கு அவ்விதி மிகப் பொருத்தமே. கலைநயத்தில் அது மேலானது என்றுகூடச் சொல்வோம். ஆயின் அதன் இறையியல் விரக்தி. வெல்லவொண்ணாத் தீமை கடவுளின் அரியணையில் ஏறிவிட்ட தீமை.

ஆகவே ஒரு தரப்பில் பெரிய மிருகம், மறுதரப்பில் மாற்றுத் தெய்வம். இவ்விரண்டிலும் இல்லாதது எது? 1980-இல் இதே வெளியீட்டார் 'டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' என்னும் நூலை வெளியிட்டனர். உலகின் பற்பல மக்களினங்களின் தெய்வங்களுக்கும் அதில் உயிர்ப்புள்ளிகள் இடப்பட்டன. கிரேக்கரின் சேயுஸுக்கு 400. இந்தியத் தெய்வங்களுக்கும் ஒரு பகுதி உண்டு: விஷ்ணு, இந்திரன், கார்த்திகேயன் எனத் தொடரும் வரிசை. நம் அயலார் இன்றும் கைகூப்பித் தொழும் பெயர்கள் அவை என்பதை அந்நூலார் சிந்தித்ததாகத் தெரியவில்லை. இதில் அவர்களுக்காக வருந்துவது நம் கடமையும் ஆகும். ஆயின் நாம் இங்குக் கவனிக்க விரும்புவது வேறு. ஆபிரகாமின் தேவனுக்கு அந்நூலில் பதிவு இல்லை. அது மரியாதையாய் இருக்கலாம், வணிகரின் முன்னெச்சரிக்கையாய் இருக்கலாம். ஆனால் அவரை எதிர்த்தோராய் நம் மரபு சொல்லும் பெயெல்செபூலும் அஸ்மோதேயுவும் மூன்றாண்டுகள் முன்னரே எண் பெற்று உள்ளே இருந்தனர். கலகக்காரர் இருக்கின்றனர், அவர்கள் எவருக்கு எதிராய்க் கலகம் செய்தனரோ அவர் இல்லை.

பேயரசருக்கு எண் தேவைப்பட்டதன் காரணம் இதுவே என்று நாம் கருதுகிறோம். யோபுவின் நூலில் சாத்தானின் பலம் எவ்வளவு? அதற்கு அளவு உண்டு; அது அவனுக்குள்ளிருந்து வருவதன்று. முதலில் யோபுவின் உடைமைவரை, பின்னர் அவன் உடல்வரை, உயிரைத் தொடாதே என்பதுவரை. எல்லைகளை வகுப்பவர் வேறொருவர். அனுமதி அளிப்பவரை எடுத்துவிட்டால் அளவு எங்கிருந்து வரும்? பேயின் உடலுக்குள்ளேயே அதை வைக்கவேண்டியதாகும். எல்லை வகுப்பவர் இல்லாத உலகில் ஒவ்வொருவனும் தன் எல்லையைத் தன் தோலுக்குள் சுமக்கிறான். 166 என்பதும் 1,525 என்பதும் அந்த வெற்றிடத்தை நிரப்ப வந்தவை. விளையாட்டை ஆக்கியோரைக் குறைகூற நாம் இதனைச் சொல்லவில்லை. கடவுளை விட்டுவிட்டுப் பிசாசை மட்டும் கடன் வாங்கியவர் எவர்க்கும் நேரும் இடர்ப்பாடு இது.

திருமறையிலும் எண் வருகிறதே என்று ஒருவர் தடை எழுப்பலாம். வருகிறது. கதரேனர் நாட்டில் ஆண்டவர் பெயரைக் கேட்டபோது பேய் சொன்ன விடை லேகியோன் என்பது (மாற்கு 5:9). அது பெயரன்று, ரோமச் சேனையின் ஆயிரக்கணக்கான வீரரைக் குறிக்கும் தொகை. சங்கிலிகள் முறிந்தன, அவனை அடக்க ஒருவராலும் கூடவில்லை என்று சுவிசேஷகர் அவன் வலிமையை மறையாது கூறுகிறார். ஆயின் எண்ணைச் சொல்லிப் பெருமிதம் கொள்வது எவர் என்று பாருங்கள். எண்ணைச் சொல்வது பேய். ஆண்டவர் அதற்கு எண்ணால் மறுமொழி தரவில்லை. தேவதூதரின் சேனைகள் இத்தனை என்று எதிர்க்கணக்கு வைக்கவில்லை. அடுத்த வசனத்திலேயே அந்தச் சேனை கெஞ்சுகிறது. போர் என்று ஒன்று நிகழவே இல்லை. வெளிப்படுத்தின விசேஷத்தின் இருபதாம் அதிகாரமும் அத்தகையதே: வலுசர்ப்பத்தைப் பிடித்துக் கட்டிப் பாதாளத்தில் தள்ளுபவன் பெயர் சொல்லப்படாத ஒரே தூதன். மிகாவேல் என்றுகூட அங்கே இல்லை. பன்னிரண்டாம் அதிகாரத்தில் யுத்தம் உண்டு என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அங்கும் சகோதரர் ஜெயித்தது ஆட்டுக்குட்டியின் இரத்தத்தாலும் தங்கள் சாட்சியினாலும் என்றும், உயிரையும் அவர்கள் பெரிதாக எண்ணவில்லை என்றும் யோவான் சேர்த்துச் சொல்கிறார். உயிர்ப்புள்ளிகளை இழந்தவர்களே வென்றவர்கள். (தாவீது இஸ்ரவேலைத் தொகையிட ஏவப்பட்டது எவனால் என்பதை 1 நாளாகமம் 21-இல் மாணவர் பார்த்துக்கொள்ளட்டும்.)

இன்னும் வலுவான தடை ஒன்று உண்டு. அதனை நாம் எளிதில் கடக்க முடியவில்லை. பலவான் உவமையில் (மாற்கு 3:27, லூக்கா 11:21-22) ஆண்டவர்தாமே பலத்தின் மொழியைப் பேசுகிறார். பலவானும் அவனிலும் அதிக பலவானும் என்றால், இருவரும் ஒரே அளவுகோலில் நிற்கின்றனர் அன்றோ? சிலகாலம் நாமும் அவ்வாறே எண்ணினோம். ஆயின் உவமையை மீண்டும் படிக்கையில், அதன் கண் பலவானின் புயத்தில் இல்லை, அவன் வீட்டுப் பொருள்களில் இருப்பதைக் காண்கிறோம். அவனது பலம் எதனால் அறியப்படுகிறது? அவன் காவல் காக்கும் உடைமைகளால். அவ்வுடைமைகள் யார்? கட்டுண்ட மனிதர். அவனைக் கட்டுவதும் அவன் வீட்டைக் கொள்ளையிடுவதற்காகவே. அவனைக் கொல்லுவது உவமையின் நோக்கமே அன்று. பேயரசனின் வலிமை அவன் உடலில் இல்லை, பிடியில் இருக்கிறது. எத்தனை புள்ளி என்று கேட்பதற்குப் பதிலாக, யாரைப் பிடித்திருக்கிறான், எதைக்கொண்டு பிடித்திருக்கிறான் என்று கேட்கவேண்டும். 1984-இலிருந்து வால்ட்டர் விங்க் எழுதிய நூல்கள் துரைத்தனங்களையும் அதிகாரங்களையும் அரசு, வணிகம், வழிபாட்டிடம் முதலியவற்றின் உள்ளாவியாகக் கண்டன. அவர் சொன்ன அனைத்தையும் நாம் ஏற்கவில்லை எனினும், பிடி என்னும் இக்கருத்தில் அவர் நமக்கு உதவுகிறார்.

இந்த நோக்கோடு மேற்சொன்ன 2015-ஆம் ஆண்டு நூலைப் படித்தால், அதில் எண்ணைவிடச் சிறந்தவை சில இருப்பது தெரியும். வீரர் முதற்படியில், பாதாள உலகில் கைதிகளாய்த் தொடங்குகின்றனர். பேயரசர் பலர் அவ்வுலகில் புகுந்துவிட்டனர். ஒவ்வொருவனும் தனக்குரிய பித்து ஒன்றைப் பரப்புகிறான். அவனைக் கண்டோரும் அவன் நிழல் படிந்த ஊராரும் அப்பித்தில் வீழ்கின்றனர். இது பிடி. இது 405-இலும் அஞ்சத்தக்கது. ஏனெனில் வாளால் இதனை வெட்ட இயலாது. இப்பகுதியை எழுதியோர் நல்ல ஆசிரியர்கள். ஆயின் முடிவு என்ன? ஒரு மந்திரச் சடங்கினால் பேயரசர் அனைவரும் ஓரிடத்துக்கு ஈர்க்கப்பட்டு ஒருவரையொருவர் அழிக்கின்றனர். எஞ்சி நிற்கும் ஒருவனை, பெரும்பாலும் டெமகார்கனை, அவன் தளர்ந்திருக்கையில் வீரர் எதிர்க்கின்றனர். சாத்தான் சாத்தானைத் துரத்துவது எப்படி என்று ஆண்டவர் வேதபாரகரிடம் கேட்ட கேள்வி இங்கே கதையின் தீர்வாகவே மாறியிருக்கிறது! தனக்குத்தானே விரோதமாய்ப் பிரிந்த ராஜ்யம் நிலைநிற்காது என்பதை ஆசிரியர் நன்கு அறிந்திருக்கின்றனர். வீட்டைக் கொள்ளையிட்டு மனிதரை மீட்கும் மற்றொருவர் வேண்டும் என்பதற்குத்தான் அங்கே இடமில்லை. பித்துப் பிடித்த ஊரார் என்ன ஆயினர்? நூல் அதில் அதிக அக்கறை காட்டவில்லை. வீழ்ந்த பேயரசனும் மாண்டொழியவில்லை; தன் பாதாளத்துக்குத் திரும்புகிறான் என்பதே விதி. அவ்விதி மட்டும் நமக்கு உடன்பாடே. கொல்லப்படாமல் துரத்தப்படுவதுதான் சுவிசேஷங்களில் பேய்களுக்கு நேர்வது.

கிறிஸ்தவர் ஆக்கிய விளையாட்டு இக்குறையைத் தீர்த்ததா என்றால், அதற்கும் ஒரு சொல். 1984-இல் டிக் வுல்ஃப் என்பவர் 'டிராகன்ரெய்டு' என்னும் விளையாட்டை ஆக்கினார். வேத வசனங்களை ஆட்டக்காரர் மனப்பாடமாய்ச் சொல்ல, அவை ஆட்டத்தில் ஆற்றலாய்ச் செயற்படும். நல்நோக்கத்தை மதிக்கிறோம், வசனம் நெஞ்சில் பதிவதும் நலமே. ஆயின் சரியாக ஒப்பித்தால் பலன், பிழைத்தால் பலனில்லை என்ற அமைப்பில் ஸ்கேவாவின் குமாரர் ஏழுவரின் நிழல் படிகிறது (அப்போஸ்தலர் 19). வசனமே மந்திரமானால், மீண்டும் அது எண்ணுக்கு எதிர் எண்ணாகிவிடும்.

இவ்விடத்தில் விளையாட்டை விட்டு நம் பிரசங்க பீடத்தை நோக்காதிருக்க முடியவில்லை. பிசாசின் வல்லமையை முக்கால் மணி நேரம் விவரித்து, இறுதி ஐந்து நிமிடத்தில் கிறிஸ்து அவனிலும் பெரியவர் என்று முடிக்கும் பிரசங்கங்களை நாம் கேட்டிருக்கிறோம். இளமையில் செய்தும் இருக்கிறோம். கேட்டோர் அஞ்சி ஜெபித்தனர். அதனை எழுப்புதல் என்று எண்ணிக்கொண்டோம். அங்கே நிகழ்ந்தது என்ன? பிசாசுக்கு 405 கொடுத்து, நம் ஆண்டவருக்கு 406 கொடுத்தோம். ஒரே ஏணியில் உச்சிப் படியில் நிற்கும் கிறிஸ்து, சிருஷ்டிகளுள் மிகப் பெரியவர் மட்டுமே. அதனை ஆரியஸ் கேட்டிருந்தால் மறுத்திரான். சிங்காசனங்களும் கர்த்தத்துவங்களும் அவருக்குள் சிருஷ்டிக்கப்பட்டன என்று கொலோசெயர் நிருபம் முதல் அதிகாரத்தில் கூறுவதன் பொருள், அவர் ஏணியிலேயே இல்லை என்பது. அடுத்த அதிகாரத்தில் துரைத்தனங்கள் ஆயுதம் உரியப்பட்டதாகச் சொல்லப்படும் இடமோ சிலுவை. அங்கே உயிர்ப்புள்ளி தீர்ந்தது எவருக்கு என்று நாம் சொல்லவேண்டுமா? கார்ல் பார்ட் தம் சபைக் கோட்பாட்டு நூலில் தேவதூதரைப் பற்றி விரிவாக எழுதிவிட்டு, பேய்களுக்குச் சில பக்கங்களே கொடுத்து, நீடித்துப் பார்க்காதீர் என்று எச்சரித்தார். இதனைச் சிலர் அலட்சியம் என்பர். பேய்களை அவர் இல்லை என்று சொல்லவில்லை. அவற்றுக்கு எண் இட மறுத்தார் என்றே நாம் படிக்கிறோம்.

இனி அந்த இளைஞருக்கு வருவோம். சில வாரங்களின் பின் அவரும் நடுவரும் நம் இல்லத்துக்கு வந்தனர். அடுத்த கதையில் ஓர்குஸை வைக்க எண்ணியிருப்பதாகவும், எந்தப் பதிப்பின் எண்ணைக் கொள்ளலாம் என்பதில் தங்களுக்குள் இணக்கம் இல்லை என்றும் சொன்னார்கள். விதிநூல்களில் நமக்குத் தேர்ச்சி இல்லை. எனவே நடுவரிடம், ஓர்குஸ் எவற்றைப் பிடித்திருக்கிறான் என்று மட்டும் கேட்டோம். அவர் சிறிது யோசித்து, செத்தோரை அவன் எழுப்புவதால், பிள்ளையை இழந்த பெற்றோர் அவனிடம் போவார்கள் என்றார். எத்தனை ஊர்களில் என்று கேட்டோம். அவர் ஒரு தாளை எடுத்து ஊர்களை வரையத் தொடங்கினார். ஏழு ஊர்கள் ஆயின. ஒவ்வொன்றிலும் ஒரு வீடு, அவ்வீட்டில் திரும்பி வந்துவிட்ட ஒரு பிள்ளை, அதனை விட்டுவிட மனமில்லாத ஒரு தாய். குருவின் வேடம் ஏற்பவர் அத்தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டுக்குள் நுழைந்து அந்தத் தாயிடம் தான் என்ன சொல்வது என்று நம்மைக் கேட்டார். அடக்க ஆராதனைகளில் நாற்பது ஆண்டுகள் நின்றும், நாம் உடனே விடை கூறவில்லை. சென்ற மாதம் விசாரித்தபோது, மூன்றாம் ஊரில் இருப்பதாகவும், ஓர்குஸின் எண் இன்னும் முடிவாகவில்லை என்றும் சொன்னார்கள்.